கோஃபா பாலையில் மறுபடியும் கூடாரம் போடப் போகிறவர்களுக்கு

அரிசோனாவின் தென்மேற்கு மூலையில், யூமாவிலிருந்து குவார்ட்ஸைட்டை நோக்கி நெடுஞ்சாலை 95-இல் போனால், கிழக்கே அரத்தின் பற்களைப் போல ஒரு மலைத்தொடர் எழுந்து நிற்கும். அதுவும் அதைச் சுற்றிய சமவெளியும் சேர்ந்ததுதான் கோஃபா தேசிய வனவிலங்குப் புகலிடம். பரப்பு 6,65,400 ஏக்கர். நுழைவுக் கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது, வாயிலில் நிறுத்திக் கேட்க ஆளும் கிடையாது. குடிநீர்க் குழாயோ கழிப்பறையோ பெட்ரோல் பங்கோ உள்ளே எங்கும் இல்லை.

பீனிக்ஸிலிருந்து இரண்டு மணி நேரம், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ஒருகாலத்தில் நண்பர்களோடு போய்க் கூடாரம் போட்டவர்கள், பிறகு குழந்தை, வேலை, வீடு என்று பல ஆண்டுகள் ஓடிவிட்டவர்கள், இப்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மறுபடியும் போக நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நெடுநாள் கழித்துத் திரும்பப் போனேன். முதல்முறை போகிறவர்களுக்கும் திரும்பிப் போகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். திரும்பிப் போகிறவர்கள் 'நமக்குத் தெரிந்த இடம்தானே' என்ற நினைப்பை முதலில் இறக்கி வைக்க வேண்டும். பாலையில் வழி ஒரே வெள்ளத்தில் மாறிவிடும். ஆனால் நாம் தரையில் பதித்துவிட்டு வரும் தடம் பல தலைமுறைக்கு மாறாது. இந்த இரண்டையும் மனதில் வைத்தால் கீழே சொல்லும் மற்ற எல்லாம் எளிதாகப் புரியும்.

இது யாருக்கான இடம்

1930-களில் இந்த மலைகளில் பெருங்கொம்பு ஆடுகள் அருகிக்கொண்டே வந்தன. மேஜர் ஃபிரெடரிக் பர்ன்ஹாம் என்ற முதியவர் அரிசோனாவின் சாரணர் சிறுவர்களைத் திரட்டினார். 1936-இல் அவர்கள் தொடங்கிய இயக்கம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவியது. 1939 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கோஃபாவையும், மெக்சிகோ எல்லையை ஒட்டிய கபேஸா ப்ரியேட்டாவையும் காப்பிடங்களாக அறிவித்தார். ஆட்டுக்காக உண்டான இடம் இது. மனிதர் பொழுதுபோக்குவதற்காக ஒதுக்கிய பூங்கா அல்ல. 1990-இல் இதன் பெரும்பகுதி சட்டப்படி வனாந்தரம் ஆனது. அதற்குள் மோட்டார் வண்டி போகக் கூடாது. நாம் வண்டியில் போகும் மண்சாலைகள் அந்த வனாந்தரங்களுக்கு இடையே விட்டுவைத்த ஒடுக்கமான வழிகள்தாம்.

கோஃபா என்ற பெயர் 'கிங் ஆஃப் அரிசோனா' என்ற பழைய தங்கச் சுரங்கத்திலிருந்து வந்தது. சுரங்கம் மூடி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

காப்பிடம் ஆன பிறகும் ஆடுகளுக்குச் சிக்கல் தீரவில்லை. 2000-இல் எண்ணூறுக்குச் சற்று மேலே இருந்த கணக்கு 2006-இல் நானூறுக்கும் கீழே இறங்கியது. வறட்சி, நீர் கிடைக்காதது, மலைச்சிங்கம் என்று காரணங்களைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. வனாந்தரத்துக்குள் செயற்கை நீர்த்தொட்டி கட்டலாமா என்ற வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. ஒரு நீர்க்குழி அங்கே என்ன மதிப்புள்ளது என்பதை இதிலிருந்தே அறியலாம். நீர்நிலையிலிருந்து கால் மைல் தூரத்துக்குள் கூடாரம் போடக் கூடாது என்பது விதி. இரவு முழுக்க நாம் அங்கே பேச்சும் விளக்குமாக இருந்தால், மலையிலிருந்து இறங்கி வரும் ஆடு தாகத்தோடு திரும்பிவிடும். இது புரிந்தவர்களுக்கு விதிப்பலகை தேவைப்படாது.

எப்போது போவது

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை. பகலில் 65, 70 டிகிரி ஃபாரன்ஹீட், இதமான வெயில். இரவில் நாற்பதுக்கு இறங்கும், சில நாள் உறைநிலையைத் தொடும். பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு போகாதீர்கள். 20 அல்லது 30 டிகிரி வரை தாங்கும் தூங்குபை, தரைக்குளிர் ஏறாத தடிமனான மெத்தை, தலைக்குக் கம்பளித் தொப்பி மூன்றும் வேண்டும். குழந்தைகளுக்குக் காலுறை இரண்டு சோடி கூடுதலாக எடுங்கள்.

ஏப்ரல் கடைசிக்கு மேல் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. கோடையில் 110 டிகிரி சாதாரணம். அப்போது வண்டி பழுதானால் அது உயிர் போகும் காரியம்.

டிசம்பரில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும், விடிய ஏழரை ஆகும். ஏறக்குறைய பதினான்கு மணி நேர இருட்டு என்பதைப் புதிதாக வருகிறவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மூன்று மணிக்கே இடம் பிடித்துக் கூடாரம் போட்டு, ஐந்து மணிக்குச் சமையலை முடித்துவிடுங்கள். இன்னொன்று: அரிசோனாவில் கோடைகால நேர மாற்றம் கிடையாது, பக்கத்துக் கலிபோர்னியாவில் உண்டு. அதனால் குளிர்காலத்தில் அங்கே ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். எல்லைக்கு அருகில் கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.

பரணிலிருந்து இறக்கிய சாமான்கள்

திரும்பிப் போகிறவர்களுக்கு அதிக வேலை இங்கேதான். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லாவற்றையும் வீட்டுப் பின்புறத்தில் பிரித்துப் போடுங்கள்.

கூடாரத்தின் உட்புறப் பூச்சு சில ஆண்டுகளில் பிசுபிசுவென்று உரிந்து வரும், ஒருவித நாற்றமும் இருக்கும். அப்படி ஆகியிருந்தால் அது தேறாது, புதிது வாங்குங்கள். கம்புகளுக்குள் ஓடும் மீள்கயிறு தொய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். ஜிப்பை இருபது முறை மூடித் திறந்து பாருங்கள். காற்றடிக்கும் இரவில் ஜிப் வாயைப் பிளந்துகொண்டால் கூடாரமே இல்லாததற்குச் சமம்.

அடுப்பைச் சோதிக்கும்போது ரப்பர் வளையங்களைக் கவனியுங்கள். காய்ந்து வெடித்திருந்தால் வாயு கசியும். சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். தலைவிளக்குக்குள் விட்டுவைத்த பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருக்கும். முதலுதவிப் பெட்டியில் மாத்திரைகளின் தேதியைப் பாருங்கள், பிளாஸ்டரில் பசை இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர்க் குடங்களில் பழைய பிளாஸ்டிக் விரிசல் விட்டிருக்கும். வீட்டிலேயே நிரப்பி ஒரு நாள் வைத்துப் பாருங்கள்.

டயர் மிக முக்கியம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட டயரைக் கூர்ங்கல் சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதே இல்லை, அதில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். முழு அளவு ஸ்டெப்னி இல்லாத வண்டி என்றால் நெடுஞ்சாலையிலிருந்து சில மைலுக்குள்ளேயே தங்குங்கள். வாடகை வண்டி எடுக்கிறவர்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் மண்சாலையில் ஓட்ட அனுமதிப்பதில்லை.

உடம்பும் ஒரு சாமான்தான். பல ஆண்டு இடைவெளியில் மூட்டும் முதுகும் மாறியிருக்கும். இரண்டு வாரம் காலைநடை போய்ப் பழகுங்கள்.

நல்ல மாற்றம் ஒன்றும் வந்திருக்கிறது. கோபுரம் எட்டாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி 2022-க்குப் பிறகு வந்த கைப்பேசிகள் பலவற்றில் உண்டு. உங்கள் கைப்பேசியில் இருந்தால் வீட்டிலேயே சோதனை முறையில் இயக்கிப் பழகுங்கள். இல்லையென்றால் கையடக்கச் செயற்கைக்கோள் கருவியை வாடகைக்கு எடுக்கலாம். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகப்போகச் சாதாரண சிக்னல் அறுந்துவிடும்.

தண்ணீரும் சாப்பாடும்

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, குடிக்க மட்டும். சமைக்கவும் கழுவவும் இன்னொரு கேலன். அதற்கு மேல் இரண்டு நாள் கூடுதல் தண்ணீர் வண்டியில் இருக்க வேண்டும். நான்கு பேர் மூன்று இரவு தங்கினால் நாற்பது கேலன் வரை வரும். பயப்படாமல் ஏற்றுங்கள். ஒரே பெரிய குடத்தில் வேண்டாம், பல சிறு குடங்களில் பிரித்து வையுங்கள். ஒன்று உடைந்தாலும் மற்றவை தப்பும்.

நம் சமையல் தண்ணீரை நிறையக் குடிக்கும் சமையல். அரிசியை வீட்டிலேயே கழுவி உலர்த்திப் பையில் கட்டிக்கொண்டு போனால் கழுவும் தண்ணீர் மிச்சம். முதல் நாளுக்குப் புளியோதரையும் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் போதும். மறுநாள் காலை வறுத்த ரவையில் உப்புமா. பருப்பை முன்கூட்டியே வறுத்துப் பொடித்துக் கொண்டுபோனால் சீக்கிரம் வேகும், அடுப்பு வாயுவும் மிஞ்சும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுவதற்கு முன் காகிதத்தால் துடைத்து அந்தக் காகிதத்தைக் குப்பைப்பையில் போடுங்கள்.

குழாய் வைத்த தண்ணீர்க் குடம் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் வெயில் நேரத்தில் தேனீ மொய்த்துவிடும். இங்குள்ள தேனீக்களில் ஆப்பிரிக்கக் கலப்பினம் உண்டு, சீண்டினால் கூட்டமாகத் துரத்தும். குழாயை இறுக மூடுங்கள், கழுவிய நீரைக் கூடாரத்தை விட்டுத் தள்ளிப் பரவலாகத் தெளியுங்கள்.

போகும் வழி

பெட்ரோலை குவார்ட்ஸைட்டிலோ யூமாவிலோ முழுக்க நிரப்புங்கள். குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே லா போசா என்ற இடத்தில் குளிர்காலம் முழுக்கக் கட்டணத்தோடு தங்கும் அரசு நிலம் உண்டு. வீட்டு வண்டிகள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும். முதல் இரவு பழக்கத்துக்காக அங்கே தங்குவது மோசமில்லை, ஆனால் அது வேறு உலகம்.

குவார்ட்ஸைட்டிலிருந்து தெற்கே சுமார் 18 மைலில் பாம் கேன்யன் சாலை பிரிகிறது. புதியவர்களுக்கு நான் சொல்வது இந்தச் சாலையைத்தான். நல்ல வானிலையில் சாதாரண காரே மெதுவாகப் போய்விடும், இருபுறமும் முன்பே பலர் தங்கிய திட்டுகள் இருக்கும். இன்னும் தெற்கே கிங் சாலை, காசில் டோம் சாலை எல்லாம் உண்டு. கிங் பள்ளத்தாக்கில் இன்னொரு அரிய விலங்குக்கு மறுவாழ்வு தரும் வேலை நடந்திருக்கிறது. சோனோரன் பிராங்ஹார்ன் என்ற ஓட்டக்கார விலங்கு 2002 வறட்சியில் அமெரிக்க மண்ணில் 21 மட்டுமே மிஞ்சியது. அடைப்பில் வளர்த்துப் பெருக்கியவற்றைக் கோஃபாவிலும் திறந்துவிட்டார்கள். அங்கே மூடிய பகுதி என்று பலகை இருந்தால் மறுபேச்சு இல்லாமல் திரும்புங்கள். மலைக்குள் போகும் பல பாதைகளுக்கு உயரமான நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டும்.

பழைய ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. முன்பு போனபோது பதிவு செய்த ஜிபிஎஸ் தடத்தை அப்படியே பின்தொடராதீர்கள். வெள்ளம் அரித்த இடத்தில் சாலை திசை மாறியிருக்கலாம், அந்தப் பாதையே மூடப்பட்டிருக்கலாம். கைப்பேசி வரைபடத்தில் கோடு இருப்பதால் மட்டும் அது சாலை ஆகாது. புகலிடத்தின் இப்போதைய வரைபடத்தை இறக்கிக் காகிதத்திலும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். யூமாவில் உள்ள அலுவலகத்துக்கு ஒரு வேலை நாளில் பேசினால் எந்தச் சாலை கெட்டிருக்கிறது என்று சொல்வார்கள். விதிகள் ஏதும் மாறியிருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

யூமாவிலிருந்து வடக்கே வரும் வழியில் எல்லைக் காவல் படையின் சோதனைச்சாவடி உண்டு. குடியுரிமை இல்லாதவர்கள் பதிவு ஆவணங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கிரீன் கார்டு, அல்லது பாஸ்போர்ட்டும் ஐ-94 என்ற வருகைப் பதிவின் நகலும், வீட்டுப் பெட்டகத்தில் இல்லாமல் வண்டியில் இருக்கட்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் இது பொருந்தும்.

மணல் ஓடைகளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து ஒரே சீராகப் போங்கள், நடுவில் நிற்காதீர்கள். சிக்கிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் புதையும். டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தள்ளிவிட்டு, பழைய தரை விரிப்பையோ மணல் பலகையையோ அடியில் கொடுங்கள். காற்றழுத்தும் சிறு பம்பு, மண்வெட்டி, இழுகயிறு மூன்றும் வண்டியிலேயே கிடக்கட்டும்.

இடம் பார்ப்பது

இதற்கு நேரம் கொடுங்கள். ஒருவர் வண்டியில் இருக்க, மற்றவர் இறங்கி நடந்து பார்க்கட்டும்.

சாலையிலிருந்து நூறு அடிக்குள்தான் வண்டியை நிறுத்தலாம். பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 14 நாள்தான் தங்கலாம். ஏற்கெனவே மொட்டையாகிப் போன திட்டைத் தேடுங்கள். பக்கத்தில் இன்னும் அழகாக, யாரும் மிதிக்காத தரை தெரியும், மனம் அங்கே போகும். போகக் கூடாது. பாலையின் சமதளங்களில் சின்னச் சின்னக் கற்கள் நெருக்கமாகப் பதிந்து, பளபளப்பான கறுப்புத் தளமாக இருக்கும். காற்றும் நீரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பாவிய தரை அது. 1942-இல் ஜெனரல் பேட்டன் இந்த வட்டாரத்தில் பாலைவனப் போர்ப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார், 1944-இல் அது மூடப்பட்டது. அன்று டாங்குகள் ஓடிய தடம் கலிபோர்னியா, அரிசோனா பாலையில் இன்றும் சில இடங்களில் கண்ணுக்குத் தெரிகிறது. நம் காரின் ஒரே திருப்பமும் அப்படித்தான் நிற்கும். இதைப் பிள்ளைகளுக்கு அந்தத் தரையிலேயே உட்கார்ந்து காட்டுங்கள், அவர்கள் நம்மைவிட ஒழுங்காக நடந்துகொள்வார்கள்.

முன்பு தங்கிய அதே மரத்தடியைத் தேடிப் போகும் ஆசை எல்லோருக்கும் இருக்கும். அது இன்னும் தகுந்த இடமாக இருந்தால் நல்லது. செடி முளைத்து அந்தத் திட்டு தன்னைத் தேற்றிக்கொண்டு வருகிறது என்றால், அதை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள். சகுவாரோ கள்ளி முதல் எட்டு ஆண்டில் ஓரிரு அங்குலம்தான் வளரும், அதுவும் ஏதாவது ஒரு மரத்தின் நிழலில் ஒண்டிக்கொண்டு. பாலோ வெர்டே மரத்தடியில் கூடாரம் விரிக்கும் முன் குனிந்து பாருங்கள்.

மணல் ஓடைக்குள் ஒருபோதும் படுக்காதீர்கள். மெத்தென்று இருக்கும், காற்று மறைவாக இருக்கும், அதனால்தான் புதியவர்கள் அங்கே போகிறார்கள். யூமாவில் ஆண்டு மழையே மூன்று அங்குலத்தைச் சுற்றித்தான். ஆனால் உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே, எங்கோ மலையில் பெய்தது ஓடை வழியே இறங்கி வரும். கரையில் பழைய வெள்ளம் ஒதுக்கிய குச்சி, சருகு எந்த உயரத்தில் கிடக்கிறது என்று பார்த்து, அதற்கு மேலே போங்கள்.

சோயா (cholla) என்ற முட்கள்ளி இருக்கும் திட்டைத் தவிருங்கள். 'டெடி பேர்' என்று செல்லப்பெயர், தொட்டால் அதன் கணுக்கள் அப்படியே கழன்று தோலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையில் ஏறும். பல் அகன்ற சீப்பை அடியில் கொடுத்து ஒரே வீச்சில் தட்டிவிட வேண்டும், மிஞ்சிய முள்ளுக்கு இடுக்கி. சீப்பு கட்டாயம் கொண்டுபோங்கள்.

கூடாரத்தின் முளை கல்தரையில் இறங்காது. முளையைச் சுற்றிக் கயிறு கட்டி, மேலே பாரமான தண்ணீர்க் குடத்தையோ, மொட்டைத் திட்டிலேயே கிடக்கும் கல்லையோ வையுங்கள். கிளம்பும்போது கல்லை எடுத்த இடத்திலேயே திருப்பி வையுங்கள். சாயங்காலம் அமைதியாக இருந்தாலும் நள்ளிரவில் காற்று எழும், எல்லாக் கயிறுகளையும் கட்டுங்கள்.

தீ

அடுப்பில் சமையுங்கள், தீ மூட்டாமலே இருப்பது நல்லது. மூட்டத்தான் வேண்டும் என்றால் விறகை ஊரிலிருந்து கொண்டுபோங்கள். வனாந்தரமாக அறிவித்த பகுதியிலிருந்து விறகு எடுக்கக் கூடாது. வெளியிலும் தானாகச் செத்து விழுந்து தனியே கிடப்பதை மட்டும்தான் எடுக்கலாம். அங்கே அயர்ன்வுட் என்று ஒரு மரம் உண்டு. கட்டை தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். ஒரு கிளை உருவாக மனித ஆயுள் போதாது, எரிய ஒரு இரவு போதும்.

மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் புல்லும் கடுகுச்செடியும் மண்டி வளர்ந்து காயும். 2005-இல் அப்படித்தான் கிங் பள்ளத்தாக்கில் பெருந்தீ பரவி இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. பாலைமரங்கள் தீயோடு வாழப் பழகியவை அல்ல, வெந்த சகுவாரோ பெரும்பாலும் பிழைப்பதில்லை. வெளியிலிருந்து வந்த களைவிதை நம் செருப்பிலும் டயர் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. புறப்படும் முன் இரண்டையும் கழுவுங்கள். நெருப்பை அணைக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்று உறுதி செய்த பிறகே படுக்கப் போங்கள்.

கழிப்பு

கூச்சப்படாமல் பேச வேண்டிய விஷயம். வறண்ட மண்ணில் எதுவும் சீக்கிரம் மக்காது. கழிவைக் கெட்டியாக்கும் பொடி போட்ட பைகள் கடையில் கிடைக்கின்றன. மூடியுள்ள வாளியில் அந்தப் பையை மாட்டி, சிறு மறைப்புக் கூடாரம் ஒன்றும் கட்டினால் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சிரமமே இல்லை. எல்லாவற்றையும் ஊருக்குக் கொண்டுவந்து குப்பையில் போடலாம். பை இல்லாவிட்டால் ஓடையிலிருந்தும் முகாமிலிருந்தும் இருநூறு அடி தள்ளி, ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழக் குழி. காகிதத்தைப் புதைக்காமல் பையில் கொண்டுவாருங்கள், நரி தோண்டிவிடும்.

அண்டை அயலார்

தேள் அங்கே நிறைய. காலையில் செருப்பை உதறாமல் போடக் கூடாது. ஊதாக் கதிர் டார்ச் ஒன்று வாங்கினால் இருட்டில் தேள் பச்சையாக ஒளிரும், பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. பட்டைத்தேள் கொட்டினால் சிறு குழந்தைக்கு ஆபத்து, உடனே கிளம்பி மருத்துவமனைக்குப் போங்கள். நச்சு ஆலோசனை எண் 1-800-222-1222, காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிலுகிலுப்பைப் பாம்பு குளிரில் அதிகம் நடமாடாது, வெப்பமான நாளில் பாறையோரம் கிடக்கும். கை வைக்கும் இடத்தையும் கால் வைக்கும் இடத்தையும் முதலில் பாருங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்கு விரையுங்கள்.

பாலைவன ஆமையைக் கண்டால் தூக்காதீர்கள். பயத்தில் அது சிறுநீரை விட்டுவிடும். மாதக்கணக்கில் அது சேமித்து வைத்த தண்ணீர் அதுதான், இழந்தால் அடுத்த மழைவரை தாங்காமல் செத்துப்போகலாம்.

பழைய சுரங்க வாய்கள் ஆங்காங்கே திறந்து கிடக்கும். உள்ளே நல்ல காற்று இருக்காது, கூரை எப்போது விழும் என்று தெரியாது, வௌவால்களும் குடியிருக்கும். எட்டியும் பார்க்க வேண்டாம். போர்ப் பயிற்சிக் காலத்தில் வெடிக்காமல் போன குண்டுகளும் சில பகுதிகளில் கிடக்கலாம். துருப்பிடித்த உலோகம் எது கிடந்தாலும் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். இதைப் பிள்ளைகளிடம் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

டிரோன் பறக்கவிட அனுமதி இல்லை. நாயைக் கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும்.

போனால் பார்க்க வேண்டியவை

பாம் கேன்யன் சாலை முடியும் இடத்திலிருந்து அரை மைல் ஏற்றம். ஒடுங்கிய பாறைப் பிளவு ஒன்றில் கலிபோர்னியா விசிறிப் பனைகள் கூட்டமாக நிற்கின்றன. பனங்காட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வட்ட ஓலையைப் பார்த்ததும் ஊர் நினைவு வரும். அந்தப் பிளவில் வெயில் விழுவதே நண்பகலை ஒட்டிச் சற்று நேரம்தான், ஆகவே பதினொரு மணிக்குக் கீழிருந்து ஏறத் தொடங்குங்கள். பாதை கரடுமுரடு, முதியவர்கள் பாதி வழியில் உட்கார்ந்து பார்த்தாலும் பனைகள் தெரியும்.

ஆட்டைப் பார்க்க அதிகாலையும் மாலையும் நல்லது. தொலைநோக்கியை வைத்துக்கொண்டு மலைவிளிம்புகளைப் பொறுமையாக மேயுங்கள். அது மேய்வதை நிறுத்தி உங்களையே பார்த்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்னால் நகருங்கள். குட்டியோடு இருக்கும் காலத்தில் இதை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

கல் பொறுக்க விரும்பும் பிள்ளைகளுக்கு வடக்கே கிரிஸ்டல் ஹில் பகுதி இருக்கிறது. அங்கே மட்டும், தரைமேல் கிடப்பதை மட்டும், பன்னிரண்டு மாதத்துக்குப் பத்துக் கல் அல்லது பத்துப் பவுண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை. தோண்டக் கூடாது. புகலிடத்தின் வேறெங்கும் கல், எலும்பு, கொம்பு, பழைய பானை ஓடு என எதையும் எடுக்கக் கூடாது.

இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் மல்லாந்து கிடங்கள். அமாவாசையை ஒட்டிப் பயணத்தை வைத்துக்கொண்டால் பால்வீதியைப் பிள்ளைகளுக்குக் கையைக் காட்டிச் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே கேட்பார்கள்.

கிளம்பும்போது

கூடாரத்தை மடிக்கும் முன் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள், இரவில் கதகதப்புக்காகத் தேள் அங்கே ஒண்டியிருக்கும். எல்லோரும் கைகோத்து வரிசையாக நடந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டே திட்டைக் கடந்தால் ஒரு ஆரஞ்சுத் தோல் துண்டுகூடத் தப்பாது. ஆரஞ்சுத் தோல், முட்டையோடு, பிஸ்தா ஓடு எல்லாம் குப்பைதான். பாலையில் அவை மக்காது. முந்தையவர்கள் விட்ட குப்பை இருந்தால் அதையும் பையில் போடுங்கள்.

டயர் காற்றைக் குறைத்திருந்தால் நெடுஞ்சாலை ஏறும் முன் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். போகும் முன் வீட்டில் ஒருவரிடம் எந்தச் சாலை, எத்தனை இரவு, எப்போது திரும்புவோம், அதைத் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். சிக்னல் கிடைத்ததும் முதல் அழைப்பை அவருக்குப் போட்டு, வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள்.